கணினியில் மானிட்டர், டிவி, புரொஜெக்டர் இணைப்பதும் கணினியின் வேகத்தைச் சோதிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மேசைக்கணினி, லேப்டாப் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. புதிதாக ஒரு 4கே திரையை மாட்டியதும் "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு" என்று பலர் ரேம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் சிக்னல் 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்) நின்றிருக்கும், கணினியில் ஒரு குறையும் இருக்காது. எனவே திரைக்குப் போகும் வழியை முதலில் சரிபாருங்கள். கணினியை அளப்பது அதற்குப் பிறகுதான். கேள்விகளும் அந்த வரிசையில் உள்ளன.

மேசைக்கணினியின் பின்னால் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ இருக்கிறது. எதில் மாட்டுவது?

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். கீபோர்டு, லேன் கேபிள் எல்லாம் மாட்டும் இடத்தை ஒட்டி மேலே இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, பெரும்பாலும் படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள்.

மதர்போர்டு போர்ட் வேலை செய்ய பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். மாடல் எண் "எஃப்" என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் (கோர் ஐ5 12400எஃப் போன்றவை) அது கிடையாது. ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இல்லாத பிராசஸரில் மதர்போர்டு போர்ட்டில் மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். அப்போதாவது தவறு உடனே தெரிந்துவிடும். உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸரில்தான் சிக்கல். படம் நன்றாக வரும், பிரவுசர் ஓடும், கேமும் எடிட்டிங்கும் மட்டும் தள்ளாடும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா கிடப்பது வெளியே தெரியாது. இதை டாஸ்க் மேனேஜரில் கண்டுபிடிக்கும் வழி கீழே இருக்கிறது.

4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் எந்த எச்டிஎம்ஐ, எந்த கேபிள்?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரிந்துவிடும். 3840 × 2160 என்பது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை என்றால் படத்துக்கு மட்டும் நொடிக்கு 11.9 ஜிகாபிட். வரிகளுக்கு இடையிலான வெற்று நேரத்தையும் அனுப்பும் முறையில் கூடும் பிட்டுகளையும் சேர்த்தால் கேபிளில் ஓடுவது 17.8 ஜிகாபிட்.

எச்டிஎம்ஐ 1.4-இன் கொள்ளளவு 10.2 ஜிகாபிட். எனவே 4கே திரையை அதில் மாட்டினால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0-இன் கொள்ளளவு 18 ஜிகாபிட், 4கே 60-க்கு மட்டுமட்டாகப் போதும். 4கே 120 வேண்டுமானால் 48 ஜிகாபிட் வரை தாங்கும் 2.1 தேவை. டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.2 இருந்தாலே 4கே 60 வந்துவிடும், 1.4-இல் 4கே 120 வரும். மானிட்டரிலும் கார்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் யோசிக்காமல் அதையே பயன்படுத்துங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை. டிவிகளில் பெரும்பாலும் அது இருக்காது.

கேபிள் வாங்கும்போது உறையில் அச்சடித்த "2.0", "2.1" என்ற எண்களை நம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள்களை வேகத்தின் பெயரால்தான் வகைப்படுத்துகிறார்கள். 4கே 60-க்கு "பிரீமியம் ஹை ஸ்பீடு", 4கே 120-க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீடு". இந்த இரண்டு வகையிலும் உறைமேல் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய லேபிள் ஒட்டியிருக்கும். நீளமும் கணக்கு. 2 மீட்டர் வரை கவலை இல்லை. 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே 60 நிலையாக வருவது சந்தேகம். திரை நடுநடுவே ஒரு நொடி கறுத்துத் திரும்பும், வெள்ளைப் புள்ளிகள் மின்னும். 10, 15 மீட்டர் இழுக்க வேண்டிய இடத்தில் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு. "சோர்ஸ்" என்று எழுதிய முனை கணினிப் பக்கம், "டிஸ்ப்ளே" முனை திரைப் பக்கம். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் இழுத்துப் பூசிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எனவே பூசுவதற்கு முன் ஒருமுறை படம் ஓட்டிப் பாருங்கள்.

லேப்டாப்பில் யூஎஸ்பி-சி இருக்கிறது. அதில் மானிட்டர் மாட்டலாமா?

வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் படத்தைக் கடத்தாது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் வடிவ தண்டர்போல்ட் சின்னமோ இருந்தால் கடத்தும். சின்னம் இல்லாவிட்டால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். கேபிளும் முக்கியம். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்களில் பல யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே உள்ளவை. சார்ஜ் ஏறும், படம் வராது.

சாதாரண யூஎஸ்பி-ஏ போர்ட்டில் மாட்டும் எச்டிஎம்ஐ அடாப்டர்கள் வேறு வகை. அவை மென்பொருள் மூலம் படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியே அனுப்புகின்றன, அந்த வேலையில் ஒரு பங்கை பிராசஸர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எக்செல், மின்னஞ்சலுக்குப் போதும். வீடியோவுக்கும் கேமுக்கும் வாங்காதீர்கள்.

எச்டிஎம்ஐ–விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ அடாப்டர்கள் சில நேரம் வேலை செய்வதில்லையே, ஏன்?

அடாப்டர்களுக்கும் திசை உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குப் போக மலிவான அடாப்டர் போதும். அதையே திருப்பி, எச்டிஎம்ஐ கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் பயன்படுத்த முடியாது. அதற்கு உள்ளே சிப் வைத்த, தனியாக யூஎஸ்பி மின்சாரம் எடுக்கும் வேறு அடாப்டர் வேண்டும்.

எச்டிஎம்ஐ–விஜிஏ அடாப்டருக்கு மின்சாரம் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்தே வருகிறது. அதிலிருந்து எடுக்கக்கூடிய அளவு மிகக் குறைவு. சில லேப்டாப்புகளில் படம் வந்து வந்து போவதற்கு இதுதான் காரணம். யூஎஸ்பி மின்சாரத்துக்கு ஒரு துளை வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது. விஜிஏ ஒலியைக் கடத்தாது என்பதால் ஆடியோ ஜாக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டியாயிற்று. "நோ சிக்னல்" என்றே காட்டுகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் செட்டிங்கையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் திரையில் சரியான இன்புட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1-இல் மாட்டிவிட்டு 2-ஐப் பார்த்துக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பதுதான். அடுத்து விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு, "ஓ"-வுக்கு வலப்பக்கம் உள்ள "பி"-யைத் தட்டுங்கள். வரும் நான்கு தேர்வுகளில் "டூப்ளிகேட்" அல்லது "எக்ஸ்டெண்ட்" எடுங்கள். அப்போதும் வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, "வி"-க்கும் "என்"-னுக்கும் நடுவில் உள்ள "பி"-யைத் தட்டுங்கள். திரை ஒருமுறை சிமிட்டி கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் மூடாது.

இன்னும் கறுப்புதான் என்றால் திரையின் பவர் பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மாட்டுங்கள். பிறகு வேறு கேபிள், அதன்பின் வேறு போர்ட், கடைசியாக அதே கேபிளில் வேறு திரை. இடையில் ஸ்ப்ளிட்டரோ நீட்டிப்புக் கேபிளோ இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாக மாட்டிப் பார்ப்பதை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" என்பதன் கீழ் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை என்று பொருள். விண்டோஸை புதிதாகப் போட்ட கணினிகளில் இது நிறைய. அந்த நிலையில் இரண்டாவது திரை வராது, வீடியோவும் முழுக்க பிராசஸரின் தலையில் விழும். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று கார்டு எவருடையதோ அவர்கள் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

ரெசல்யூஷன் 1024 × 768-க்கு மேல் தேர்வே வரவில்லை.

ஒவ்வொரு திரையும் தன்னால் என்னென்ன அளவு காட்ட முடியும் என்ற பட்டியலை கேபிள் வழியே கணினிக்குச் சொல்கிறது. மலிவான ஸ்ப்ளிட்டர், கம்பி அறுந்த விஜிஏ கேபிள், பழைய அடாப்டர் ஆகியவை அந்தப் பட்டியலை இடையில் தொலைத்துவிடுகின்றன. எதுவும் வராததால் கணினி பாதுகாப்பான சிறிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. விஜிஏ முனையில் 15 ஊசிகள் உண்டு. 12-உம் 15-உம் இந்தத் தகவலுக்கானவை. ஏதாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிரைவரை நோண்டுவது அதற்குப் பிறகு.

படம் வருகிறது, ஆனால் மவுஸ் இழுத்தாற்போல் நகர்கிறது. கணினி மெதுவாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், மேலே அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்து ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஒவ்வொரு படமும் 33 மில்லிநொடி திரையில் நிற்கிறது. 60-இல் அது 16.7. கை அதை உடனே உணர்ந்துவிடும். பட்டியலில் 60 இருந்தால் தேர்ந்தெடுத்தால் போதும், வேலை முடிந்தது. 59.94 என்று தனியாக ஒன்று இருந்தால் அதுவும் ஏறக்குறைய அதேதான்.

60 வரவே இல்லை என்றால் போர்ட், கேபிள், அடாப்டர், திரை இந்த நான்கில் ஒன்று எச்டிஎம்ஐ 1.4 அளவில் நிற்கிறது. டிவியாக இருந்தால் ஐந்தாவதாக ஒரு காரணமும் உண்டு. பல 4கே டிவிகளில் முழு வேகம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அணைக்கப்பட்டிருக்கும். சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மட்" என்று மெனுவில் தேடி, நீங்கள் மாட்டியிருக்கும் அந்த எச்டிஎம்ஐக்கு மட்டும் இயக்குங்கள்.

அதே பக்கத்தில் டெஸ்க்டாப்பின் அளவும் கேபிளில் உண்மையில் போகும் சிக்னலின் அளவும் தனித்தனியாகக் காட்டப்படும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் 1920 × 1080, சிக்னல் 3840 × 2160 என்றிருந்தால் யாரோ நடுவில் படத்தைப் பெரிதாக்குகிறார்கள். எழுத்து மங்குவதற்கு அதுவே காரணம்.

"டூப்ளிகேட்" முறையில் இரண்டு திரைக்கும் பொதுவான அளவுக்குக் கணினி இறங்கிவரும். 144 ஹெர்ட்ஸ் லேப்டாப்பையும் பழைய புரொஜெக்டரையும் அப்படி இணைத்தால் லேப்டாப் திரையும் சேர்ந்து கீழே இறங்கும். "எக்ஸ்டெண்ட்" எடுத்தால் ஒவ்வொன்றும் தன் அளவில் ஓடும்.

டிவியில் டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது. எழுத்தைச் சுற்றி நிறம் கசிகிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.

இவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள், மூன்றுக்கும் மூலம் ஒன்றே. டிவி உங்கள் கணினியை செட்டாப் பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஓரம் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை மறைப்பது பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கம். டிவியின் பட அளவு மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "1:1" இவற்றில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கியும் ஓரத்தைக் கொண்டுவரலாம். ஆனால் அப்படிச் செய்தால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது, எழுத்து மங்கும். டிவி பக்கத்தில் வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

நிறக் கசிவுக்குக் காரணம், டிவி நிறத் தகவலை நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துக் காட்டுவது. சினிமாவில் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து என்றால் உடனே தெரியும். டிவியின் இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயின் பெயரை அல்லது ஐகானை "பிசி" என்று மாற்றுங்கள். பல டிவிகளில் இந்த ஒரு மாற்றமே ஓவர்ஸ்கேனையும் நிறக் கசிவையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். மவுஸ் தாமதமும் குறையும்.

கறுப்பு சாம்பலாவது அளவுகோல் பொருந்தாததால். கணினியின் முழு அளவுகோல் 0 முதல் 255. வீடியோ அளவுகோல் 16 முதல் 235. கணினி 16-இல் தொடங்கும் சிக்னலை அனுப்பி, டிவி 0-விலிருந்து எதிர்பார்த்தால் கறுப்பு வெளுக்கும். தலைகீழாக இருந்தால் நிழல் பகுதிகள் எல்லாம் ஒரே கறுப்பாக மூழ்கிவிடும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் "சேஞ்ச் ரெசல்யூஷன்" பக்கத்தில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், "டைனமிக் ரேஞ்ச்" என்பதை "ஃபுல்" என்றும் வைத்து, டிவியிலும் கறுப்பு அளவை அதற்கேற்ப மாற்றுங்கள்.

ஒலி லேப்டாப்பிலேயே வருகிறது.

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி, ஒலி வெளியேறும் சாதனமாக டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரே இல்லை என்றால் கிராபிக்ஸ் டிரைவரோடு வரும் எச்டிஎம்ஐ ஆடியோ டிரைவர் ஏறவில்லை.

புரொஜெக்டர் "1080பி சப்போர்ட்" என்று சொல்லி வாங்கினோம். எக்செல் எண்களைப் படிக்க முடியவில்லை.

"சப்போர்ட்" என்றால் 1080பி சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான். உள்ளே இருக்கும் பேனலின் சொந்த அளவு 1280 × 800-ஆகவோ, மலிவானவற்றில் அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். விவரத்தாளில் "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரியைப் பாருங்கள், கணினியையும் அதே அளவுக்கு வையுங்கள்.

அடுத்தது கீஸ்டோன். புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு மெனுவில் கீஸ்டோனால் படத்தைச் செவ்வகமாக்கும்போது பேனலின் ஒரு பகுதி பயன்படாமல் போகிறது. மீதிப் பகுதிக்குள் மொத்தப் படமும் நெரிக்கப்படுகிறது, எழுத்தின் கூர்மை போய்விடுகிறது. கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வைத்து, புரொஜெக்டரை நேராக வைக்கும் இடத்தைத் தேடுவதுதான் சரியான வழி.

ஓடிடி தளத்தில் படம் போட்டால் மட்டும் கறுப்பாகிறது.

காப்புரிமைப் பாதுகாப்பான எச்டிசிபி காரணம். கணினி, திரை, இடையில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் அதை ஆதரிக்க வேண்டும், 4கே படத்துக்கு 2.2 பதிப்பு. ஸ்ப்ளிட்டரையும் விஜிஏ அடாப்டரையும் நீக்கிவிட்டு நேராக மாட்டுங்கள்.

கணினியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. எச்டிஎம்ஐ மாட்டும்போது பொறி பறக்கிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை, அல்லது மூன்று முனை பிளக்கை இரண்டு முனை நீட்டிப்பில் மாட்டியிருக்கிறீர்கள். பவர் சப்ளையிலிருந்து கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கணினியின் உலோக உடலில் நிற்கிறது. எச்டிஎம்ஐ மாட்டும் கணத்தில் அது கேபிள் வழியே திரைக்குப் பாய்கிறது. போர்ட் எரிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை கணினியையும் திரையையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் வையுங்கள், இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டு கேபிளை மாட்டுங்கள்.

சரி, வெளியீடு சரியாக இருக்கிறது. கணினியின் வேகத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பெர்ஃபார்மன்ஸ்" பகுதிக்குப் போங்கள். வெளித் திரை மாட்டியிருக்க, உங்களுக்குத் தொல்லை தரும் அதே வேலையை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சும்மா இருக்கும் கணினியின் அளவீடு எதையும் சொல்லாது.

சிபியு: மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். வரைபடத்தில் வலது கிளிக் செய்து "லாஜிக்கல் பிராசஸர்ஸ்" என்று மாற்றுங்கள். 8 கட்டங்களில் ஒன்று மட்டும் உச்சியில் நின்றால் மொத்தம் 13 சதவீதம் என்றே காட்டும். ஆனால் அந்த நிரல் ஒரே கோரைத்தான் பயன்படுத்துகிறது என்றால் அது அதற்குமேல் ஓடாது.

டிஸ்க்: "ஆக்டிவ் டைம்" தொடர்ந்து 100 சதவீதம், ஆனால் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பி என்றால் பழைய ஹார்டு டிஸ்க் திணறுகிறது. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் வேறு எதற்கும் செலவு செய்வதற்கு முன் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பியைத் தாண்டும்.

ஜிபியு: இரண்டு கிராபிக்ஸ் இருந்தால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு வரிசை தெரியும். கேம் ஓடும்போது தனி கார்டின் "3டி" வரைபடம் ஏறாமல், பிராசஸருக்குள் இருப்பது 100-ஐத் தொட்டால் முதல் கேள்வியில் சொன்ன தவறுதான் நடந்திருக்கிறது, கேபிள் மதர்போர்டில் இருக்கிறது. லேப்டாப்பாக இருந்தால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த நிரலுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கார்டைத் தேர்ந்தெடுங்கள். தனி கார்டின் வெப்பநிலையும் இந்தப் பக்கத்திலேயே தெரியும்.

மொத்த நிலவரமும் ஒரே அறிக்கையாக வேண்டுமானால், ஸ்டார்ட் மெனுவில் "பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்" திறந்து, "டேட்டா கலெக்டர் செட்ஸ்", "சிஸ்டம்", "சிஸ்டம் டயக்னாஸ்டிக்ஸ்" என்று போய்த் தொடங்குங்கள். 60 விநாடி அளந்துவிட்டு, "ரிப்போர்ட்ஸ்" பகுதியில் எதற்கெல்லாம் சிவப்புக்குறி என்று எழுதித் தரும். பழுது பார்ப்பவரிடம் போனில் விளக்குவதைவிட இதைக் காட்டுவது எளிது.

16 ஜிபி ரேம் இருக்கிறது, ஆனாலும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. தனி கார்டு இல்லை.

டாஸ்க் மேனேஜரின் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியில் மெமரி பக்கத்தைத் திறந்து "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ன சொல்கிறது என்று பாருங்கள். "1 ஆஃப் 2" என்றால் விடை கிடைத்துவிட்டது. தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4 3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. 16-இல் ஒன்று போடுவதைவிட 8-இல் இரண்டு போட்ட கணினியில் கேம் தெளிவாக வேகமாக ஓடும். அளவை மட்டும் கேட்டு ரேம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லேப்டாப்பாக இருந்தால் வாங்குவதற்கு முன், ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று மாடல் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கணினியில் அதே பக்கத்தில் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று எழுதிய குச்சி 2400 அல்லது 2666-இல் ஓடிக்கொண்டிருந்தால் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் தேர்வு) இயக்கப்படவில்லை.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது.

வெப்பம். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் "பேஸ் ஸ்பீடு" என்று ஒரு எண் இருக்கும். முழு வேலையில் இருக்கும்போது ஓடும் வேகம் அதற்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். பல இன்டெல் பிராசஸர்களின் எல்லை 100 டிகிரி செல்சியஸ். லேப்டாப் கடும் வேலையில் 90-ஐத் தொடுவது அசாதாரணமல்ல, எல்லையில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் கூடவே வேகம் விழுவதும்தான் அடையாளம்.

மெத்தைமேல் வைக்காதீர்கள், அடியில் காற்று போக வேண்டும். ஓரிரு ஆண்டு ஓடிய லேப்டாப்பின் விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, அடித்தகட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத அறையில் அளந்த எண்ணை டிசம்பரில் அளந்ததோடு ஒப்பிடவும் வேண்டாம்.

சார்ஜரையும் பாருங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பை 30 வாட் சார்ஜரில் ஓட்டினால் சார்ஜ் ஆவதுபோலவே இருக்கும், வேகம் மட்டும் வராது.

4கே வீடியோ மட்டும் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது.

இது இணைய வேகமா, கணினியா என்பதை யூடியூபே சொல்லும். வீடியோமேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்கள். "பஃபர் ஹெல்த்" (முன்கூட்டியே இறங்கியிருக்கும் வீடியோவின் அளவு) பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் இணையம். பஃபர் நிறைய இருந்தும் "டிராப்டு" (தவறிய படங்கள்) எண் ஏறிக்கொண்டே போனால் கணினி.

கணினி என்றால் அதே பெட்டியில் "கோடெக்ஸ்" (வீடியோவைச் சுருக்கிய முறை) வரியைப் பாருங்கள். "ஏவி01" என்று தொடங்கினால் ஏவி1. அதை விரிக்கத் தனிச் சுற்று இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்தும், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும் இருக்கிறது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசையில் உண்டு, ஆனால் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் இல்லை. "விபி09" என்றால் இன்டெல் 7-ஆம் தலைமுறையே போதும். சுற்று இல்லாத கணினியில் பிராசஸரே முழு வேலையும் செய்யும், டாஸ்க் மேனேஜரில் "வீடியோ டீகோட்" வரைபடம் தரையில் கிடக்க, சிபியு மேலே நிற்கும். சுற்று இருந்தும் அப்படி நின்றால் பிரவுசர் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறது.

கணினியில் உள்ள கோப்புக்கு விஎல்சியில் கன்ட்ரோலும் "ஜே"-யும் அழுத்தினால் கோடெக் தெரியும், பக்கத்து "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" பகுதியில் தவறிய படங்களின் எண்ணிக்கை.

பெஞ்ச்மார்க் ஓட்ட வேண்டுமா?

வாங்கிய புதிதில் ஒருமுறை ஓட்டி எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட உங்கள் கணினியின் பழைய எண்ணே சிறந்தது. பிராசஸருக்கு சினிபெஞ்ச், டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்மார்க், கிராபிக்ஸுக்கு 3டிமார்க் போதும். சினிபெஞ்சில் பத்து நிமிடச் சோதனையையே ஓட்டுங்கள், ஒரே சுற்றில் வெப்பம் பிடிபடாது.

கல்யாண மண்டபத்தில் எல்இடி சுவருக்கு வீடியோ கொடுக்கிறோம். 4கே லேப்டாப் தேவையா?

தேவையில்லை. பி3.9 வகைச் சுவரில் (புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர் இடைவெளி) அரை மீட்டர் சதுரப் பெட்டிக்கு 128 × 128 புள்ளிகள். 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள சுவரில் மொத்தமே 1024 × 640 புள்ளிகள்தான். 1080பி அனுப்பினாலே சுவரின் பிராசஸர் அதைச் சுருக்கித்தான் காட்டும்.

கவனிக்க வேண்டியது ஹெர்ட்ஸ். நம் ஊரில் கல்யாண வீடியோக்கள் நிறைய நொடிக்கு 25 அல்லது 50 படங்களில் எடுக்கப்படுகின்றன. 25-ஐ 60 ஹெர்ட்ஸில் காட்டும்போது ஒரு படம் இருமுறை, அடுத்தது மும்முறை என்று சமமில்லாமல் விழுகிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும், எவ்வளவு வேகமான லேப்டாப் கொண்டுவந்தாலும் அது போகாது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் சுவரைத் தேர்ந்தெடுத்து 50 ஹெர்ட்ஸ் வையுங்கள், ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை வரும். மணமக்களின் சினிமாப் பாணி வீடியோ 24 படத்தில் இருந்தால் 60-லேயே விடலாம்.

"எக்ஸ்டெண்ட்" முறையில் இணைத்து, விஎல்சியை மட்டும் சுவருக்கு நகர்த்தி முழுத்திரையாக்குங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஸ்கிரீன் அணையும் நேரத்தை "நெவர்" என்று வைத்து, சார்ஜரைக் கழற்றாமல் விடுங்கள். வீடியோவைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டாமல் லேப்டாப்பில் காப்பி செய்துகொள்ளுங்கள்.